காலுறை மீது போட்ட வழக்கு

2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒருவரைப் பிடித்தார்கள். காவலில் வைத்துச் சோதனை போட்டபோது அவருடைய காலுறைக்குள் நான்கு ஆரஞ்சு நிற மாத்திரைகள் கிடைத்தன. அடரால். கவனக்குறைபாட்டுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைதான். பரீட்சை நேரத்தில் கண்விழிக்க அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் மருந்துச் சீட்டு இல்லாமல் கைமாற்றிக்கொள்வதும் இதைத்தான். இவரிடமும் சீட்டு இல்லை. தடைசெய்த பொருளைச் சிறைக்குள் கொண்டுவந்தார் என்று முதலில் பெரிய வழக்கு போட்டார்கள். அப்புறம் பேரம் படிந்தது. பெரிய வழக்கை விட்டுவிடுகிறோம், போதைப்பொருள் உபகரணம் வைத்திருந்த சின்னக் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள் என்றார்கள். சரி என்றார். உபகரணம் எது? மாத்திரையை மறைத்து வைத்திருந்த காலுறை.

தண்டனை 359 நாள் சிறை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டது. பதிலாக 12 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அதை ஒழுங்காக முடித்தும்விட்டார். முடித்துச் சில மாதம் கழித்து, 2012 பிப்ரவரியில், குடியேற்ற அதிகாரிகள் வந்து பிடித்தார்கள். அவர் துனிசியாக்காரர், பெயர் மெல்லூலி. 2004-ல் மாணவர் விசாவில் வந்து, இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கி, மிசௌரி பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 2011-ல் நிரந்தர கிரீன் கார்டு கிடைத்திருந்தது. அமெரிக்கப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிடித்த அந்த 2012-லேயே நாடு கடத்திவிட்டார்கள், காலுறைக்காக.

அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் இப்படி ஏதாவது ஒன்றில் மாட்டும்போது வீட்டுக்கு வரும் முதல் செய்தி பெரும்பாலும் "சின்னக் கேஸ்தாம்ப்பா, ஃபைன் கட்டினா முடிஞ்சுடும்" என்பதாகத்தான் இருக்கும். குற்றவியல் சட்டத்தின் கணக்கில் பையன் பொய் சொல்லவில்லை. குடியேற்றச் சட்டம் வேறு தராசு வைத்திருக்கிறது. அபராதம் எவ்வளவு, சிறை உண்டா இல்லையா என்பதற்கெல்லாம் அந்தத் தராசில் அனேகமாக எடையே கிடையாது.

போதைப்பொருளைத் தடை செய்வது புரிகிறது. அதற்கு உதவும் சாமானையே குற்றமாக்கும் யோசனை எங்கிருந்து வந்தது? 1970-களில் அமெரிக்க நகரங்களில் 'ஹெட் ஷாப்' என்ற கடைகள் பெருகின. பைப், 'பாங்' என்கிற தண்ணீர்க் குழாய், சுருட்டும் தாள், கொக்கைன் உறிஞ்சும் குட்டிக் கரண்டி எல்லாம் அங்கே கிடைக்கும். சரக்கு மட்டும் இருக்காது. அட்லாண்டா புறநகரில் பெற்றோர்கள் ஆரம்பித்த எதிர்ப்பு நாடு முழுக்கப் பரவியது. 1979-ல் மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதிக் கொடுக்க, பெரும்பாலான மாநிலங்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அதை எடுத்துக்கொண்டன.

அந்த மாதிரிச் சட்டத்தின் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். தராசு, கிண்ணம், கரண்டி, பிளெண்டர், பலூன், காகித உறை. நம் வீட்டு அடுப்படியே முக்கால்வாசி உள்ளே வந்துவிடும். (கிரைண்டர் என்றால் நமக்கு இட்லி மாவு ஞாபகம் வரும். அங்கே அது உள்ளங்கையில் அடங்குகிற, உள்ளே பல் வைத்த உலோக டப்பா; கஞ்சாவைத் தூளாக்குவது.) பொருள் என்ன என்பதைவிட, அதை எதற்கு வைத்திருந்தாய் என்பதில்தான் குற்றம் இருக்கிறது. நோக்கத்தை யாரும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதில்லை என்பதால் சூழ்நிலையை வைத்து முடிவு செய்கிறார்கள். பக்கத்தில் சரக்கு இருந்ததா, அவரே வாயால் என்ன சொன்னார், வேறு நியாயமான உபயோகம் உண்டா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றையும்விட வழக்கைத் தீர்மானிப்பது ஒட்டியிருக்கும் துகள்தான். புதுக் கண்ணாடிப் பைப் வெறும் கண்ணாடி. அடியில் கறுத்துப் பிசுபிசுத்த பைப் வழக்கு.

மத்திய அரசுச் சட்டம் இன்னும் விசித்திரம். 1986-ல் வந்த அந்தச் சட்டப்படி இந்தச் சாமான்களை விற்பது, தபாலில் அனுப்புவது, இறக்குமதி செய்வது குற்றம். 3 ஆண்டு வரை சிறை. சும்மா வைத்திருப்பது குற்றமே இல்லை. நகைச்சுவை நடிகர் டாமி சாங் 2003-ல் 9 மாத மத்தியச் சிறைத் தண்டனை பெற்றது இந்தச் சட்டத்தில்தான். குடும்பக் கம்பெனி, கண்ணாடி பாங் செய்து விற்றது, அவ்வளவுதான். ஆக, வைத்திருப்பதைக் குற்றமாக்கியவை மாநிலங்கள். அதனால் ஊருக்கு ஊர் தண்டனை மாறுகிறது. டெக்சாசில் 500 டாலர் வரை அபராதம், சிறை கிடையாது. அதே பைப்புக்கு ஃப்ளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் ஓராண்டு வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் உண்டு. பென்சில்வேனியாவில் ஓராண்டு, 2,500 டாலர். மினசோட்டா 2023-ல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. நமக்குப் பழக்கமான மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் வெறும் பைப் வைத்திருந்ததற்கென்று தனிக் குற்றம் இல்லை, பாத்திரமும் கருவியும் பறிமுதலாகும். சிங்கப்பூரில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

டெக்சாசையே எடுத்துக்கொள்வோம். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் நம் ஆட்கள் நிறைய. தவிர, தண்டனை குறைவாக இருக்கிற இடத்தில்தான் குழி ஆழம்.

ராத்திரி பதினோரு மணி, வேகமாகப் போனதற்குப் போலீஸ் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஜன்னலை இறக்கியதும் வாசம். கப் ஹோல்டரில் கிரைண்டர், மூடியில் பச்சைத் தூள். எடை போடுகிற அளவுக்குச் சரக்கு எதுவும் இல்லை. போலீஸ்காரர் கைது செய்யலாம். பல ஊர்களில் செய்வதில்லை, டிக்கெட் எழுதிக் கையெழுத்து வாங்குவார். அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற வாக்குறுதிதான். இதுவரை பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆவது அதற்கப்புறம், முனிசிபல் கோர்ட்டில். கோர்ட் என்றதும் கறுப்பு அங்கியும் கூண்டும் மனசுக்கு வரும். இங்கே மின்கட்டணம் கட்டுகிற மாதிரி ஒரு கவுன்டர். ஒரு படிவம், அதில் மூன்று கட்டம்: கில்ட்டி, நோ கான்டெஸ்ட், நாட் கில்ட்டி. ஒன்றில் டிக் அடித்து, கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடலாம். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குப் பணம் கட்ட வந்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார். நோ கான்டெஸ்ட் என்றால் "குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை" என்று அர்த்தம். பாதகமில்லாத நடுக்கட்டம் போலத் தோன்றும். குடியேற்றச் சட்டத்துக்கு அதுவும் கில்ட்டியும் ஒன்றே.

கவுன்டரில் இருப்பவர் நல்லவராக இருந்தால் இன்னொரு வழியும் சொல்வார். 'டிஃபர்டு' எடுத்துக்கொள், கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆறு மாதத்துக்குள் வேறு எதிலும் மாட்டாமல் இருந்தால் கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவோம், ரெக்கார்டில் தண்டனை இருக்காது என்பார். டெக்சாஸ் சட்டப்படி அது சரி. ஆனால் அதை வாங்க முதலில் கில்ட்டியோ நோ கான்டெஸ்ட்டோ சொல்லியாக வேண்டும். 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் குடியேற்ற விஷயத்துக்கென்று 'தண்டனை' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் எழுதிவைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டோ நோ கான்டெஸ்ட் சொல்லியோ இருந்து, நீதிபதியும் அபராதமோ வேறு கட்டுப்பாடோ விதித்திருந்தால் போதும், குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். பின்னால் தள்ளுபடி ஆனாலும், ரெக்கார்டை அழித்தாலும் மாறாது. மாநிலம் அழித்ததை மத்திய அரசு படித்துக்கொண்டே இருக்கும். முனிசிபல் கோர்ட் தீர்ப்பெல்லாம் இதில் சேருமா என்ற கேள்வியும் முடிந்துபோனது. விச்சிட்டா நகர முனிசிபல் கோர்ட்டில் விதித்த கஞ்சா தண்டனை செல்லும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2012-ல் சொல்லிவிட்டது. ஒப்புக்கொள்ளாமலே செய்கிற 'டைவர்ஷன்' ஏற்பாடு இருந்தால் அது வேறு கதை. பொதுவாக அது தண்டனையில் சேராது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும். நடுவில் நிற்பது அந்த ஒரு டிக் மார்க்.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது ஒன்று. 2010 மார்ச் 31-ல் படில்லா எதிர் கென்டக்கி என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டு என்று கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. 500 டாலர் வழக்கில் சிறை இல்லை. சிறை இல்லாததால் அரசு செலவில் வக்கீல் வைத்துத் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. பெரிய குற்றம் செய்தவனுக்கு எச்சரிக்கை சொல்ல ஆள் உண்டு. சின்னக் குற்றத்தில் மாட்டியவன் கவுன்டரில் தனியாக நிற்கிறான்.

சரி, அந்தத் தண்டனை குடியேற்றச் சட்டத்தில் எங்கே போய் இடிக்கிறது? நாடு கடத்தும் பிரிவின் வாசகம் அகலமானது. மத்திய அரசு பட்டியலில் உள்ள போதைப்பொருளோடு 'தொடர்புடைய' எந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றிருந்தாலும் போதும். ஒரே ஒரு விலக்கு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராமோ அதற்குக் குறைவாகவோ கஞ்சா வைத்திருந்த ஒற்றைக் குற்றம். இந்தப் பிரிவில் வருபவர்களை நாடு கடத்தும் வழக்கு நடக்கும்போது ஜாமீன் இல்லாமல் அடைத்து வைக்கவும் சட்டம் சொல்கிறது. கிரீன் கார்டு இருந்தாலும் இதே விதிதான்.

'தொடர்புடைய' என்ற அந்தச் சொல்லில்தான் காலுறை வழக்கு மாட்டியது. கான்சாஸ் மாநிலத்தின் தடைப் பட்டியலில் அப்போது மத்தியப் பட்டியலில் இல்லாத பொருள்கள் குறைந்தது ஒன்பது இருந்தன. குற்றப்பத்திரிகையிலோ அடரால் என்ற பேரே இல்லை. ஏதோ ஒரு போதைப்பொருள் என்றுதான் இருந்தது. போதைப்பொருளையே வைத்திருந்த வழக்காக இருந்தால், அது மத்தியப் பட்டியலில் உள்ள பொருள் என்று அரசு காட்டியாக வேண்டும் என்பது 1965-லிருந்து வாரியத்தின் நிலைப்பாடு. உபகரண வழக்குக்கு மட்டும் வாரியம் வேறு விதி வைத்திருந்தது. உபகரணம் பொதுவாகப் போதைப்பொருள் புழக்கத்தோடு சம்பந்தப்பட்டது, எந்தப் பொருள் என்று காட்டத் தேவையில்லை என்றது. அதாவது மாத்திரைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு மாத்திரையைச் சுற்றிய துணிக்குக் கிடையாது.

2015 ஜூன் 1-ல் உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. மெல்லூலி எதிர் லிஞ்ச் என்பது வழக்கின் பெயர். ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம், தாமஸும் அலிட்டோவும் மறுபக்கம். தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பெரிய குற்றத்தைவிடச் சின்னக் குற்றத்துக்குக் கடுமையான விளைவு என்பது பொருளற்றது என்றார். வெறுமே உபகரணம் வைத்திருப்பது மத்தியச் சட்டத்தில் குற்றமே இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னார். உபகரண வழக்கிலும் தண்டனைக்கும் மத்தியப் பட்டியலில் உள்ள ஒரு பொருளுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்பது முடிவு.

அதோடு பிரச்சினை தீர்ந்ததாக நினைத்துவிடக் கூடாது. காகிதத்தில் பொருளின் பெயர் இல்லாமலும், மாநிலப் பட்டியல் மத்தியப் பட்டியலைவிட நீளமாகவும் இருந்தால்தான் தீர்ப்பு பாதுகாக்கும். டிக்கெட்டில் போலீஸ்காரர் 'கொக்கைன் பைப்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தாலே கதை மாறலாம். மாநிலப் பட்டியல் நீளம் என்று காட்டினாலும் டெக்சாசை உள்ளடக்கிய மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமான ஐந்தாவது சர்க்யூட் சும்மா விடுவதில்லை. அந்தக் கூடுதல் பொருளுக்காக யார் மீதாவது உண்மையில் வழக்கு நடந்திருப்பதைக் காட்டு என்று கேட்கும். கலிஃபோர்னியாவில் ஜெயிக்கிற வாதம் ஹூஸ்டனில் தோற்பது இப்படித்தான். அதனால் அனுபவப்பட்ட வக்கீல்கள் பேரம் பேசும்போது அபராதத்தைக் குறைப்பதில் நேரத்தைச் செலவழிப்பதில்லை. காகிதத்தில் என்ன சொல் ஏறுகிறது என்பதிலேயே குறியாக இருப்பார்கள். முடிந்தால் போதைப்பொருள் வாசமே இல்லாத வேறு சின்னக் குற்றத்துக்கு மாற்றிவிடுவார்கள், அபராதம் கூடினாலும் பரவாயில்லை என்று.

கஞ்சாக் கிரைண்டர், கஞ்சா பைப் என்றால் அந்த 30 கிராம் விலக்கு உதவுமா? உதவலாம். 2009, 2012 ஆண்டுகளில் வாரியம் தந்த முடிவுகளின்படி, சொந்த உபயோகத்துக்கான சிறிதளவு கஞ்சாவோடு மட்டும் சம்பந்தப்பட்ட உபகரணத்துக்கும் அந்தச் சலுகை நீளும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த விலக்கு இருப்பது நாட்டுக்குள் இருப்பவரை வெளியேற்றும் பிரிவில். வெளியே இருப்பவரை உள்ளே விடுவதா என்ற பிரிவில் அப்படி விலக்கு இல்லை. தனியாக விண்ணப்பித்து விதிவிலக்கு வாங்க வேண்டும், தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். ஆக, அமெரிக்காவிலேயே இருந்தால் தப்பித்திருக்கக்கூடியவர், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் மாட்டுவார். உள்ளே நுழைவதற்குத் தண்டனைகூட வேண்டியதில்லை. கேட்கிற அதிகாரியிடம், செய்தேன் என்று உரிய முறைப்படி ஒப்புக்கொண்டாலே தடை விழலாம். கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டபூர்வமானது என்ற பதில் அங்கே செல்லாது. மாநிலக் கடையில் பில் போட்டு வாங்கியதும் மத்தியச் சட்டத்தில் கஞ்சாதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நம் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். பைப்பும் கிரைண்டரும் பழைய காலத்துச் சாமான் ஆகிவிட்டன. இப்போது கையில் இருப்பது எண்ணெயை ஆவியாக்கி இழுக்கிற வேப் பேனா. டெக்சாசில் கஞ்சா இலையோடு பிடிபட்டால், 2 அவுன்ஸ் வரை, 180 நாள் சிறை வரை போகும் சிறு குற்றம். கஞ்சாவிலிருந்து எடுத்த டி.எச்.சி. (போதை தருகிற சத்து) எண்ணெய் வேறு வகுப்பு. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே பெருங்குற்றம், 180 நாளிலிருந்து 2 ஆண்டு வரை. ஒரு கிராமைத் தொட்டால் 2 முதல் 10 ஆண்டு. எடையில் கலப்பு எண்ணெயும் சேரும். கடையில் விற்கிற குப்பி அரை கிராம், ஒரு கிராம் அளவில்தான் வருகிறது. கொலராடோவுக்குச் சுற்றுலா போய் வரும்போது பையில் கிடந்த ஒரு குப்பி, ஓக்லஹோமா தாண்டி டெக்சாஸ் எல்லைக்குள் வந்ததும் பெருங்குற்றமாகிறது. உபகரண வழக்கோடு போகட்டும் என்று வேண்டிக்கொள்கிற இடம் இது.

அமெரிக்கக் குடிமகனுக்கு இதெல்லாம் உண்மையிலேயே சின்னக் கேஸ்தான். வேலைக்கு எடுக்கும்போது பின்னணி விசாரணையில் வரும், நர்ஸ், ஆசிரியர் உரிமத்துக்கு விளக்கம் எழுத வேண்டிவரும், கொஞ்ச நாளில் அழித்துவிடவும் வழி உண்டு. அதனால்தான் அங்கே பிறந்து வளர்ந்த நண்பன் "டிக்கெட்டைக் கட்டிவிட்டுப் போ, எனக்கும் இப்படித்தான்" என்று சொல்வது ஆபத்தாகிறது. அவனுக்கு அது உண்மை.

எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவருக்குத் தண்டனை கூட வேண்டாம் என்பதை 2025 வசந்த காலம் காட்டியது. அரசு சுமார் 13 லட்சம் மாணவர் பெயர்களை எஃப்.பி.ஐ. குற்றத் தகவல் தொகுப்பில் ஓட்டிப் பார்த்தது. 6,400 பேர் வரை பொருந்தினார்கள். அதில் ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவுகளை, அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேட்டில் உள்ள பதிவுகளை, முடித்துவைத்தார்கள். தள்ளுபடியான வழக்குகளும், போக்குவரத்து விவகாரங்களும் அதில் இருந்தன. இந்திய மாணவர்கள் நிறையப் பேர். மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், பல மாநிலங்களில் நீதிபதிகள் தடை போட்டார்கள், ஏப்ரல் 25-ல் அரசு பின்வாங்கிப் பதிவுகளைத் திரும்பக் கொடுத்தது. விசா முத்திரை அப்படித் திரும்புவதில்லை. கைதுத் தகவல் வந்தாலே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். பல பேருக்கு அது ஒரு மின்னஞ்சலாகத்தான் வந்து சேரும். அமெரிக்காவில் தங்கிப் படிப்பதை அந்த ரத்து உடனே நிறுத்திவிடாது, ஆனால் வெளியே போனால் புது விசா எடுத்துத்தான் திரும்ப முடியும்.

புது விசா என்றால் டி.எஸ்.-160 என்கிற விண்ணப்பப் படிவம். அதில் ஒரு கேள்வி: எந்தக் குற்றத்துக்காவது எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லவும். ரெக்கார்டு அழிந்துவிட்டது என்று நம்பி 'இல்லை' என்று போடுகிறவர்கள் உண்டு. பைப்புக்கு ஒருவேளை மன்னிப்பு வாங்கலாம்; படிவத்தில் சொன்ன பொய்க்கு விழுகிற தடை ஆயுளுக்கும் தொடரும். 'ஆம்' என்று போட்டால் காகிதம் கேட்பார்கள், கோர்ட் முத்திரை போட்ட தீர்ப்பு நகல். ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு சின்ன முனிசிபல் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினால், அந்தக் கோப்பை எப்போதோ அழித்துவிட்டோம் என்று பதில் வரலாம். அதனால் கேஸ் முடிந்த அன்றே அதே கவுன்டரில் சில டாலர் கொடுத்து, டிக்கெட் நகலையும் தீர்ப்பு நகலையும் முத்திரையோடு இரண்டிரண்டு வாங்கி, ஒரு செட்டை ஊரில் அம்மாவிடம் கொடுத்துவைப்பது நல்லது. சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தந்த, விசாவை நிறுத்திவைத்து மேலும் ஆவணம் கேட்கும் 221(ஜி) காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டெக்சாஸ் கோர்ட்டுக்கு ராத்திரி போன் போடுகிறவர்கள் இதற்குத்தான் அலைகிறார்கள்.